கோமதியின் அறை

இலையை மட்டும் வெட்டு, பூவில் கத்தரி படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லிவிட்டுப் போவதில் கெட்டிக்காரர். கடைத்தெருவில் கண்ணாடி ஜாடி வாங்கவேண்டுமாம், மூடியில் ரப்பர் வளையம் வைத்த ஜாடிதான் வேண்டுமாம், வீட்டிலிருக்கும் ஊறுகாய் ஜாடி ஆகாதாம். நான் என் மகள் கோமதியின் கட்டிலில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டில் என்றால் வெறும் பலகை. மெத்தையைச் சுருட்டிப் பரணில் போட்டு வருஷமாகிறது. பலகைமேல் செய்தித்தாள், செய்தித்தாள்மேல் கஞ்சா. கஞ்சா. அவர் வாயில் அந்த வார்த்தை வராது. செடி என்பார், மருந்து என்பார், குஷி வந்துவிட்டால் நம்ம பொண்ணுங்க என்பார். நான் மனசுக்குள் கஞ்சா என்றே சொல்லிக்கொள்வேன். யாருக்கும் கேட்காத இடத்திலாவது ஒன்றை அதன் பேர் சொல்லிக் கூப்பிடலாமே. மங்கையர்க்கரசி, பி.எஸ்ஸி. கணிதம், முட்டைகூடத் தொடாத சைவ வீட்டுப் பெண், திருநகரில் மாடி வீட்டில், ஜன்னலுக்குக் கறுப்புத் தார்ப்பாய் அடித்த அறையில், பட்டப்பகலில் கஞ்சா வெட்டுகிறேன். கத்தரி ஒட்டுகிறது. பூவிலிருந்து ஒரு பிசின் வருகிறது, பலாப்பால் மாதிரி, விரலும் விரலும் ஒட்டிக்கொள்கின்றன, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினால் முடியும் ஒட்டிக்கொள்கிறது. சோப்புக்குப் போகாது, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்கவேண்டும். அதையும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார், பெரிய ஆராய்ச்சி மாதிரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கையைப் பிடித்து உட்காரவைத்து எண்ணெய் தடவிவிட்டது அந்த ஒரு தரம்தான். அதுவும் கையிலிருந்து வழித்த பிசினைச் சேர்த்து உருட்டி எடுத்துவைத்துக்கொண்டார். என் கை மேல் அக்கறை என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன், கழுதை.

பொண்ணுங்க. அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆண்செடி ஆகாதாம். ஆண்செடி ஒன்று கூட இருந்தாலும் பெண்செடியெல்லாம் விதை கட்டிவிடுமாம், விதை கட்டினால் வீரியம் போய்விடுமாம். அதனால் பூக்கும் பருவத்தில் டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணுவாகப் பார்ப்பார். ஆண் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே வேரோடு பிடுங்கிக் கறுப்புக் கவரில் போட்டுவிடுவார். ‘பாரு மங்கை, நம்ம வீட்டுல பொண்ணுக்குத்தான் மதிப்பு’ என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வரும். கோமதி பிறந்த அன்று, நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள், இவர் கையை நீட்டவில்லை, பொண்ணா என்று கேட்டுவிட்டுக் காப்பி வாங்கிவரப் போனார். காப்பி வாங்கப் போனவர் சாயந்திரம்தான் வந்தார். அந்த மனுஷன்தான் இப்போது காலையில் எழுந்ததும் பல் விளக்குமுன்னால் இந்த அறைக்குள் வந்து ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து குனிந்து விசாரிக்கிறார். இலை நுனி பழுத்திருக்கிறதே, தண்ணீர் போதவில்லையோ, விளக்கு கிட்டக்க இருக்கிறதோ. கோமதி வயசுக்கு வந்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடு என்பார். செடிக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி தூங்கமாட்டார். ஏசி கோமதிக்கு இல்லை. இந்த அறையில் அவள் படித்த காலமெல்லாம் மேலே ஒரு ஃபேன், அதுவும் கிறீச்சென்று சத்தம் போடும் ஃபேன். இதுகளுக்கு ஏசி, இதுகளுக்கு விளக்கு, இதுகளுக்குக் காற்றாடி, காற்றை வடிகட்டிக் கரியில் விட்டு வெளியே அனுப்ப ஒரு தகரக் குழாய். கரியாம், வடிகட்டுமாம். எங்கே வடிகட்டுகிறது? வெட்டுகிற நாள் வந்தால் வீடே நாறுகிறது. மரநாய் புகுந்த மாதிரி, அழுகின மாங்காய் மாதிரி, மண்ணெண்ணெய் மாதிரி.

அதற்குத்தான் கருவாடு. முதல் தரம் வெட்டினபோது கீழ்வீட்டுப் பேச்சியக்கா மாடிப்படியில் நின்றுகொண்டு என்னம்மா ஏதோ வாடை அடிக்குது என்று குரல் கொடுத்தாள். வீட்டுக்காரம்மா, பதில் சொல்லாமல் இருக்க முடியாது. இவர் உள்ளேயிருந்து என் முதுகில் ஒரு விரலால் குத்தி, கருவாடுன்னு சொல்லு, கருவாடுன்னு சொல்லு என்றார். கருவாட்டுக் குழம்புக்கா என்றேன். என் வாயால் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் கருவாடு. இவரே காகிதத்தில் சுற்றி நெத்திலிக் கருவாடு வாங்கி வருவார், நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு புளி கரைத்து அடுப்பில் ஏற்றுவேன். முதல் தடவை வாந்தி எடுத்தேன். இப்போது பழகிவிட்டது, பழகிவிட்டது என்பதுதான் இன்னும் கேவலம். உப்பு சரியாக இருக்கும் என்று வாசனையிலேயே தெரிகிறது எனக்கு. தின்ன ஆளில்லை. சட்டியோடு கொண்டுபோய்ச் சந்துமுனைத் தொட்டியில் கொட்டுவேன், பூனைகள் என்னைக் கண்டாலே வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். இந்தத் தெருவில் என்னை நம்பி வாழும் உயிர்கள் அவைதாம். அம்மா ஒரு தரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது படியேறி வாசலில் நின்றாள், மூக்கைச் சுருக்கினாள், உள்ளே வராமல் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே என் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை கறி தின்னப் பழகிட்டாரா என்றாள். ஆமாம்மா என்றேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அம்மா இன்றுவரை என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அடுப்பில் இப்போதும் கொதிக்கிறது. மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை வழிந்திருக்கும். வழியட்டும்.

வலிக்குத்தான் என்று ஆரம்பித்தார். அது நிஜம், இல்லையென்று சொல்லமாட்டேன். மருந்துக் கம்பெனி ரெப்பாக மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றினவர், முதுகெலும்புத் தட்டு விலகி ஆபரேஷன் செய்தும் உட்கார முடியாமல், படுக்க முடியாமல், சுவரில் தலையை முட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கொடைக்கானலில் ஒரு சிநேகிதன் கொடுத்தான், அன்று ராத்திரி தூங்கினார். நானும்தான் தூங்கினேன். அந்த ஒரு ராத்திரித் தூக்கத்துக்காக நான் எதையும் பொறுத்திருப்பேன், பொறுத்தேன். ஒரு தொட்டி இருந்தது, மொட்டைமாடியில் துளசிக்குப் பின்னால். அது பால்கனிக்கு வந்தது. பிறகு, வெளிச்சம் பற்றவில்லை, ஆள் பார்க்கிறார்கள், ஒரு அறை வேண்டும். எந்த அறை? இருப்பதே இரண்டு. ஹாலில் நான் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். வரும் பிள்ளைகள் பாத்ரூம் போவார்கள், மூக்குள்ள பிள்ளைகள், டியூஷன் நின்றது. கோமதிக்குப் பதினொன்றாம் வகுப்பு, டாக்டருக்குப் படிக்கவேண்டுமென்றால் திண்டுக்கல் ஹாஸ்டல்தான் சரி, அங்கேதான் நல்ல கோச்சிங் என்று இவரே போய் விசாரித்து, இவரே பெட்டி வாங்கி, இவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்த கையோடு டேப்பால் இந்த அறையை அளந்தார். சட்டைகூட மாற்றவில்லை. லீவுக்கு வந்தாலும் அவளுக்கு ஹாலில் பாய்தான். இப்போது முதுகு வலியும் இல்லை ஒன்றும் இல்லை, ஏணியில் ஏறி விளக்கு மாட்டுகிறார், தொட்டியைத் தூக்கி மாற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்கள் வந்து ஜாடியைத் திறந்து மோந்து பார்த்து, வாத்தியாரே, என்ன வாத்தியாரே இது என்று கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். அவருக்கு அதுதான் போதை. ‘நான் விற்கலியே’ என்பார். எதைக் கேட்டாலும் அது ஒன்றுதான் பதில். போலீஸ் வந்தா? விற்கலியே. ஜெயில்ல போட்டா? விற்கலியே. பேப்பரில் வருகிறதே, மேஜைமேல் பொட்டலத்தை அடுக்கி, பின்னால் புருஷனையும் பெண்டாட்டியையும் நிற்கவைத்து, இரண்டு பக்கமும் போலீஸ், அந்தப் பெண்டாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். கண் மட்டும் தெரியும். நான் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவளும் இலைதான் வெட்டியிருப்பாளோ. இவளையும் அவன் கருவாடுன்னு சொல்லு என்று முதுகில் குத்தியிருப்பானோ. என் பேரைப் போடுவார்கள். என் அப்பா தேவாரம் ஓதுகிற மனுஷன், ஆசையாக வைத்த பேர், அதைப் போட்டு அடைப்புக்குறிக்குள் வயசைப் போடுவார்கள்.

போன் அடிக்கிறது. கையெல்லாம் பிசின், முழங்கை நுனியால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டேன். திண்டுக்கல் வார்டன். ‘கோமதி அம்மாங்களா? பதட்டப்படாதீங்க. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. இன்னும் சில பிள்ளைங்களுக்கும்தான். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புறோம், வேன் கிளம்பி வாடிப்பட்டி தாண்டிருச்சு. ஆயா கூட வர்றாங்க. முன்னாடியே அடிச்சேன், நீங்க எடுக்கலை.’ எடுக்கவில்லையா, எப்போது, காற்றாடிச் சத்தத்தில் கேட்கவில்லை, இதுகளுக்குப் போட்ட காற்றாடி. பிள்ளையிடம் கொடுங்க என்றேன், வார்டன் ஹாஸ்டலில் இருக்கிறாள், பிள்ளை வேனில் இருக்கிறாள், அதுகூட எனக்கு விளங்கவில்லை, கொடுங்க கொடுங்க என்கிறேன். வைத்துவிட்டாள். வாடிப்பட்டி தாண்டிவிட்டது. வாடிப்பட்டி, சமயநல்லூர், விளாங்குடி, ஆரப்பாளையம், பிறகு திருநகர். நடுவில் வேறு பிள்ளைகளை இறக்கிவிடவேண்டும், டிராஃபிக் இருக்கும், இருந்தாலும் எவ்வளவு நேரம் இருந்துவிடும். கயிற்றைப் பார்க்கிறேன். கோமதியின் துணி காயப்போடும் கொடிதான், அறையை இரண்டாக வெட்டுகிற மாதிரி கட்டி, கிளை கிளையாகத் தலைகீழாகத் தொங்குகிறது, வௌவால் மாதிரி. இதற்குக் கீழேயா அவள் படுப்பாள்? அம்மை போட்ட உடம்பு, வேப்பிலை போட்டுப் படுக்கவைக்கவேண்டிய உடம்பு. ஐயோ, அடுப்பு. அம்மை வரும் வீட்டில் கருவாடா. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன், சட்டியைத் தூக்கினேன், துணி பிடிக்காமல் தூக்கினேன், சுட்டது, சிங்க்கில் அப்படியே கவிழ்த்துக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. கீழே மோட்டார் போடவில்லை. ஆத்தா வரும் வீட்டில் தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது, கவிச்சி ஆகவே ஆகாது. கருவாடு இல்லையென்றால் இந்த நாற்றத்தை எதை வைத்து மூடுவது? அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மூட முடியாது. இனிமேல் மூட முடியாது.

அவருக்குப் போன் போட்டேன். ‘கோமதிக்கு அம்மை போட்டிருக்காம், வந்துக்கிட்டிருக்கா.’ ‘எங்க வந்துக்கிட்டிருக்கா?’ என்றார். எங்கே என்று கேட்கிறார். வீட்டுக்கு என்றேன். ஒரு பெருமூச்சு, பக்கத்தில் யாரோ ஜாடி விலை சொல்லும் சத்தம். ‘இப்பவா? சரி, ஒண்ணு பண்ணு. உங்க அக்கா வீட்டுல விடச் சொல்லு. காயறதுக்கு ஒரு வாரமாவது வேணும் மங்கை, இந்த நேரத்துல அந்த ரூமைத் திறந்தா எல்லாம் வீணாப் போயிரும்.’ ‘அம்மை போட்ட பிள்ளையை எங்க அக்கா வீட்டுல, அங்க கைக்குழந்தை இருக்கு.’ ‘அப்ப ஹால்ல படுக்க வை. ஸ்க்ரீன் போட்டுக்கலாம். அந்தக் கதவை மட்டும் திறக்காத. நீ பாட்டுக்கு ஏதாவது பண்ணி வைக்காத, நான் வந்துருறேன்.’ பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கவில்லை. உடம்பெல்லாம் போட்டிருக்கிறதா, முகத்தில் போட்டிருக்கிறதா, சாப்பிட்டாளா, ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கதவை மட்டும் திறக்காதே. நான் போனை வைத்துவிட்டு அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவில் கோமதி ஆறாம் வகுப்பில் ஒட்டின ஸ்டிக்கர், பாதி உரிந்துபோன பட்டாம்பூச்சி. தட்டிவிட்டு வரவும் என்று எழுதி ஒட்டியிருந்தாள், அதை இவர் சுரண்டி எடுத்துவிட்டார், எழுத்துகளின் கறை மட்டும் இருக்கிறது. இவர் எந்த நாளில் தட்டிவிட்டு வந்தார்.

நிஜமாகவே தட்டுகிறார்கள். வாசல் கதவு. வேன் அதற்குள்ளாகவா, இருக்காது, போலீஸ், எனக்கு எப்போதும் போலீஸ்தான், பால்காரன் தட்டினாலும் போலீஸ். பேச்சியக்கா. கையில் ஒரு கட்டு வேப்பங்குலை. வார்டன் நான் கிடைக்காமல் கீழ்வீட்டு நம்பருக்கு அடித்திருக்கிறாள், ஹாஸ்டல் பாரத்தில் அவசரத்துக்கு என்று நான்தான் அந்த நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். ‘ஆத்தா வந்திருக்காளாம்ல புள்ளைக்கு. வாசல்ல கட்டணும், தள்ளு’ என்றாள். நான் தள்ளவில்லை. கதவை ஒரு சாண்தான் திறந்து பிடித்திருக்கிறேன். என் கை பச்சையாக இருக்கிறது, பின்னால் மறைத்தேன், நானே கட்டிக்கிறேன்க்கா குடுங்க என்றேன். அவள் குலையைக் கொடுக்கவில்லை. சிரித்தாள். ‘எதுக்கும்மா கையை மறைக்கிற? எங்க வீட்டுக்காரரு லைன் பஸ் ஓட்டுனவரு. ராத்திரி வண்டிக்குக் கண்ணு முழிக்கணும்னு அவரு குடிக்காத கஞ்சாவா? எனக்கு இந்த வாடை தெரியாதா?’ படியில் நின்றுகொண்டு, சர்வ சாதாரணமாக, சத்தமாக. நான் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை மாடிப்படியில் போட்டு உடைத்துவிட்டாள். ‘நீ மொத மொதல்ல கருவாடுன்னு சொன்ன பாரு, அன்னைக்கே தெரியும். சைவக்காரப் புள்ள, புளி எவ்வளவு ஊத்தணும்னு தெரியாம வேகவச்சுக்கிட்டுக் கெடக்கேன்னு நானும் அவரும் சிரிச்சோம்.’ சிரித்தார்கள். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே சிரித்திருக்கிறார்கள். ‘ஏங்க்கா ஒண்ணும் சொல்லல?’ என்றேன், என் குரல் எனக்கே பிச்சைக்காரக் குரலாகக் கேட்டது. ‘எதுக்குச் சொல்லணும்? நான் மோட்டார் போடாட்டியும் நீ கேக்க வரமாட்ட. சுவர் ஒழுகுதுன்னு சொல்லமாட்ட. ஒனக்கு முன்னால இருந்தவளுக தினம் ஒரு சண்டை. நீ நல்ல வாடகைக்காரி.’ அப்படியே அவள் கழுத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினால் படி முழுக்க உருளுவாள் என்று தோன்றியது. தோன்றியது என்ன, கை துடித்தது. கோடையெல்லாம் குடம் தூக்கி மாடி ஏறியிருக்கிறேன், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயந்து. ‘ஆனா இன்னைக்கு ஆத்தா வர்றா’ என்றாள், சிரிப்பை நிறுத்திவிட்டு. ‘அந்தக் கருமத்த வச்சுக்கிட்டு அவளை உள்ள கூப்பிட்டா எங்க குடும்பத்துக்கும் சேத்துதான் வரும். இப்பவே எடுத்து வெளிய போடு. இல்லாட்டி நானே ஸ்டேசனுக்குப் போன் பண்ணுவேன்.’ ‘மோட்டாரைப் போடுங்க’ என்றேன். என்ன என்றாள். ‘மோட்டாரைப் போடுங்கக்கா. எனக்குத் தண்ணி வேணும். இப்ப.’ அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், குலையை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் உறுமியது.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை, யோசிக்கவில்லை என்றால் கை யோசித்தது. முதலில் தார்ப்பாய். ஆணி ஆணியாக எடுக்கப் பொறுமையில்லை, ஒரு முனையைப் பிடித்து உடம்பின் கனம் முழுவதையும் போட்டு இழுத்தேன், பரபரவென்று கிழிந்து வந்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது, வெயில் உள்ளே வந்து விழுந்தது. வெயிலில் பார்த்தால் அது அறையே இல்லை, ஏதோ தொழிற்சாலைக் கழிவறை. கொடியை நடுவில் வெட்டினேன். எல்லாம் தொப்பென்று விழுந்தன. பெட்ஷீட்டை விரித்து வாரிப் போட்டேன், பூ, இலை, காம்பு, எதில் கத்தரி படக்கூடாதோ அதைக் காலால் மிதித்து அமுக்கினேன். மிதிக்கும்போது நன்றாக இருந்தது. அம்மாடி, எவ்வளவு நன்றாக இருந்தது. தொட்டிகளில் கட்டை கட்டையாக நின்ற அடித்தண்டுகளைப் பிடித்து ஆட்டி வேரோடு பிடுங்கினேன், வேர் மண்ணை விட்டு வரும் அந்தச் சத்தம், ஆண்செடியைப் பிடுங்கும்போது அவருக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ. விளக்கு, பூதக்கண்ணாடி, தகரக் குழாய், எல்லாம் இன்னொரு பெட்ஷீட்டில். மூட்டைகளை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தரையைத் தேய்த்தேன், சுவரைத் தேய்த்தேன், சிங்க்கில் கருவாடு கிடந்ததையும் வழித்துப் பொட்டலம் கட்டி அதே மூட்டையில் திணித்தேன், இரண்டும் சேர்ந்து நாறட்டும். பரணிலிருந்து மெத்தையை இழுத்தபோது ஒரு பல்லி குதித்து ஓடியது. மெத்தைமேல் வேப்பிலை. இன்னும் வாடை இருந்தது. இருக்கத்தான் செய்யும். ஜன்னல் திறந்திருக்கிறது, அது பாட்டுக்குப் போகட்டும், யார் மூக்கில் ஏறினாலும் ஏறட்டும்.

அவர் வந்தார். இரண்டு கையிலும் ஜாடிப் பை. மூட்டைகளைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பட்டுக் கண்ணைச் சுருக்கினார். ‘என்னடி பண்ணியிருக்க?’ என்றார். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டு, நசுங்கின பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டார். ‘ஈரத்தோட மூட்டை கட்டியிருக்கியேடி, பூஞ்சை பிடிச்சிருமே, நாசமாப் போயிருமே.’ அவர் கண்ணில் தண்ணீர். நிஜமான தண்ணீர். ‘பிள்ளை வர்றா. வேன் வந்துரும். இதையெல்லாம் எடுத்துட்டுப் போங்க’ என்றேன். ‘எங்க போறது? என் வீடு இது. நான் எதுக்குப் போகணும்?’ என்று எழுந்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பிறகு மெத்தைமேல் கிடந்த வேப்பிலையைப் பார்த்தார். முகம் மாறியது. ‘நிச்சயமா அம்மைதானா? டாக்டர் பார்த்தாரா? எனக்குச் சின்ன வயசுல போட்டதே இல்லை மங்கை. இந்த வயசுல வந்தா ரொம்ப மோசம், நுரையீரல்ல எறங்கிரும். நான் ரெப்பா இருந்தவன், எனக்குத் தெரியும்.’ கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பிள்ளை இன்னும் தெருவுக்குள்ளேயே வரவில்லை. நான் இத்தனை நாள் கேட்டும் திறக்காத வழி அவர் வாயாலேயே திறந்துகொண்டது. ‘ஆமா, நுரையீரல்ல எறங்கும்’ என்றேன். ‘நீங்க இங்க இருக்கவே கூடாது. கெளம்புங்க.’ அதை நான் கரிசனமாகச் சொன்னேன். அவ்வளவு கரிசனம் என் தொண்டையில் எங்கே இருந்ததோ. அவர் யோசிக்கவே இல்லை. அலமாரியிலிருந்து சட்டைகளை அள்ளினார், சார்ஜரை எடுத்தார், மூட்டைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு இரண்டு படியாக இறங்கினார். அந்த முதுகைப் பார்த்தேன். ஒரு வலியும் இல்லை அந்த முதுகுக்கு.

கீழே எங்கள் பழைய காரின் டிக்கியில் அவர் மூட்டையைத் திணித்துக்கொண்டிருக்கும்போது பேச்சியக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ‘ஆமா தம்பி, ஆம்பளைங்க ஒதுங்கி இருக்குறதுதான் நல்லது’ என்றாள், மூட்டையைப் பார்த்துக்கொண்டே. அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். ‘எப்ப வரட்டும்?’ ‘தலைக்குத் தண்ணி ஊத்தினதும் சொல்லி அனுப்புறேன்’ என்றேன் மாடியிலிருந்து. தலையை ஆட்டினார். காரைக் கிளப்பவும் தெருமுனையில் வேன் திரும்பவும் சரியாக இருந்தது. வழி குறுகல், ஒன்றை ஒன்று உரசாத குறையாக இரண்டும் நின்றன. வேன் ஜன்னலில் கோமதி, துண்டு போர்த்திக்கொண்டு, முகமெல்லாம் முத்து முத்தாக, கண் மட்டும் பெரிசாக. அப்பா என்று அவள் உதடு அசைந்ததை நான் மாடியிலிருந்தே பார்த்தேன். அவர் கார்க் கண்ணாடியை ஏற்றினார். மளமளவென்று சுற்றி ஏற்றினார், கையை மட்டும் ஒரு தரம் தூக்கிக் காட்டினார், பின்னால் எடுத்து ஒதுங்கிப் போய்விட்டார். வேன் வந்து நின்றது. நான் எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது.

கோமதி என்மேல் சாய்ந்துகொண்டு ஏறினாள். உடம்பு தோசைக்கல். அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள், ஈரத் தரையை, ஓட்டை ஓட்டையாக ஆணி போன சுவரை, ஜன்னலை. மூக்கை உறிஞ்சினாள். ஏதாவது கேட்பாள் என்று பார்த்தேன். ‘மெத்தையை எறக்கிட்டியாம்மா’ என்றாள், படுத்துக்கொண்டாள். இளநீரை ஸ்பூனால் ஊற்றினேன். வேப்பங்கொத்தால் மெல்ல வருடிவிட்டேன், சொரியாதே சொரியாதே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். என் விரல் இடுக்குகளில் இன்னும் பச்சை. அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு என் கையை அவள் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவர் எங்கே போயிருப்பார், எந்த வாத்தியாரே வீட்டுக்கு, செக்போஸ்டில் நிறுத்தினால் டிக்கியைத் திறப்பார்களா, திறந்தால் என் பேரைச் சொல்வாரா, சொல்வார், நிச்சயமாகச் சொல்வார், என் பெண்டாட்டிதான் மூட்டை கட்டினாள் என்பார். சொல்லட்டும். வந்தால் வரட்டும். ஆத்தா இருக்கும் வீட்டுக்குள் செருப்போடு எவன் வருகிறான் என்று நானும் பார்க்கிறேன். பயம் இருந்தது, இல்லாமல் இல்லை, ஆனால் பயம் என் மடியில் உட்காராமல் வாசலில் உட்கார்ந்திருந்தது. போன் அடித்தது. அவர் பேர் திரையில். அடித்து நின்றது, மறுபடி அடித்தது. கோமதி கண்ணைத் திறக்காமலே, ‘எடுக்கலியாம்மா?’ என்றாள். ‘ராங் நம்பர்’ என்றேன். மூன்றாவது தரமும் அடித்தது. அதுவும் ராங் நம்பர்தான்.